பழைய விலாசத்துக்குப் போன தீர்ப்பு

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அம்மா அப்பாமாருக்கு,

போன மாதம் ஒருவர் "அக்கா, ஒரு நிமிஷம்" என்று என்னைத் தேத்தண்ணி மேசையிலிருந்து படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். போனைத் திறந்து காட்டினார். வீட்டுக் கடன் தரமுடியாது என்று வங்கி சொல்லிவிட்டதால், தன் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு கவுன்டி கோர்ட் தீர்ப்பு, எங்கள் பேச்சில் சிசிஜே. ஒரு திகதி, ஒரு வழக்கு இலக்கம், 1,386 பவுண். "நான் ஒருத்தரிட்டையும் கடன் வாங்கேல்லை அக்கா. சீட்டுக்கூடக் கட்டுறேல்லை." கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மூன்று வருஷத்துக்கு முன் பிள்ளையை நிறுத்தின ஒரு நேர்சரியின் பெயரைச் சொன்னார்.

இந்த வருஷம் இப்படி என்னிடம் வந்தவர்களில் அவர் நாலாவது ஆள். நாலு பேரும் சனிக்கிழமைகளில் ஒரே மேசையைச் சுற்றித்தான் நிற்கிறீர்கள். வீட்டு விலை, கிராமர் ஸ்கூல் சோதனை, ஊருக்கு டிக்கெட் என்று எல்லாம் கதைக்கிறீர்கள். இதை மட்டும் ஒருவர் மற்றவருக்குச் சொல்வதில்லை. அதனால் ஆர் எவர் என்று சொல்லாமல், எல்லாருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் சட்டத்தரணி இல்லை. என் பெயரிலும் ஒரு சிசிஜே கிடக்கிறது; இதைப் பற்றிக் கதைக்க எனக்கு இருக்கிற தகுதி அது ஒன்றுதான். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். கிளாஸ்கோவில் இருக்கிற மச்சாளுக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கே கோர்ட்டும் வேறு, முறையும் வேறு.

நேர்சரிக் காசு எப்படிக் கடனாகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நேர்சரி மாதத் தொடக்கத்திலேயே காசைக் கேட்கும். சம்பளம் மாத முடிவில்தான் வரும். யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிற குடும்பத்துக்கு அரசாங்கம் 85 வீதம் வரை திருப்பித் தரும், ஆனால் நீங்கள் முதலில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டவேண்டும். கட்டக் காசு இல்லாதவருக்குத்தான் உதவி. அவரே முதலில் கட்டவும் வேண்டும்! நிக்கோலா சல்வாட்டோ என்ற தனித்தாய் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2021 ஜனவரியில் ஹைகோர்ட்டில் வென்றார். அதே வருஷம் ஒக்டோபரில் அப்பீல் கோர்ட் அந்த வெற்றியைத் திருப்பிப் போட்டது. வேலை தொடங்குகிறவர்களுக்கும் வேலை நேரத்தைக் கூட்டுகிறவர்களுக்கும் முன்கூட்டியே காசு கொடுக்கலாம் என்று விதி மாறியது 2023 ஜூனில். வேலை விசாவில் வந்திருக்கும் எங்கள் நர்ஸ்மாருக்கும் கெயார் வேலை செய்கிறவர்களுக்கும் அந்த வழியும் அடைப்பு. பொது நிதி எடுக்கக்கூடாது என்று விசாவிலேயே இருக்கும். இங்கிலாந்தில் மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு வாரம் 15 மணித்தியாலம் இலவசம் என்பது அவர்களுக்கும் உண்டு.

ஆனால் கடன் வேறு, தீர்ப்பு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நாங்கள் பிழை விடுகிறோம்.

நேர்சரி முதலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பவேண்டும். 2017 ஒக்டோபரிலிருந்து, அதற்குப் பதில் சொல்ல 30 நாள் தரவேண்டும் என்று முறை இருக்கிறது. பிறகு ஒன்லைனில் வழக்கைப் பதியும். நார்தாம்டனில் இருக்கும் மையத்திலிருந்து உங்களுக்குப் படிவம் தபாலில் வரும். அது சேர்ந்ததாகக் கணக்கிடும் நாளிலிருந்து 14 நாளுக்குள் பதில் இல்லையென்றால், நேர்சரி கேட்க, தீர்ப்பு விழும். ஒரு நீதிபதி உங்கள் பக்கத்தைக் கேட்டு, கணக்கைக் கூட்டிப் பார்த்துத் தந்த முடிவு அல்ல அது. பதில் வராததால் விழுந்த தீர்ப்பு.

பதில் ஏன் வரவில்லை? தபால் போனது பழைய விலாசத்துக்கு. ஈஸ்ட்ஹாமில் ஒரு வருஷம், இல்ஃபோர்டில் இரண்டு வருஷம், பிறகு ஹரோ என்று மாறி மாறி இருந்த ஆட்கள் நாங்கள். அந்த வாடகை வீடுகளின் ஒடுங்கின நடையில், ஹீட்டருக்கு மேலே ஒரு பலகை இருக்கும். முன்பு இருந்தவர்களின் கடிதங்கள் எல்லாம் அதில்தான் கிடக்கும். பீட்ஸாக் கடை விளம்பரம், யாரோ ஒருவரின் பல் வைத்தியத் தவணை, அதற்குக் கீழே நார்தாம்டன் கடிதம். சட்டம் கேட்பது நீங்கள் கடைசியாக இருந்ததாகத் தெரிந்த விலாசம். அங்கே போட்டுவிட்டால், பொதுவாக, உங்கள் கைக்கு வந்ததாகவே கணக்கு.

என் கதையும் அதுதான். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிகளோடு நேர்சரிகளையும் மூடினார்கள். அவசர வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் சிறப்புப் பாதுகாப்புத் தேவைப்பட்ட பிள்ளைகளுக்கும் மட்டும் திறந்திருந்தது. நான் அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளை வீட்டில், நேர்சரிக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் பிள்ளையை நிறுத்துகிறேன் என்று எழுதினேன். மூடியிருந்த மாதங்களின் காசும், நோட்டீஸ் மாதத்தின் காசும் சேர்த்து 1,140 பவுண் என்று பதில் வந்தது. தொலைபேசியில் சண்டை பிடித்தேன். ஓகஸ்டில் வீடு மாறினோம். அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

2023 இளவேனிலில் மோட்கேஜ் புரோக்கர் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தீர்ப்பின் திகதி 2021 பெப்ரவரி. கோர்ட்டில் வழக்குப் பதிந்த கட்டணம் 70 பவுணும் சேர்ந்து 1,210.

அன்று இரவு நான் செய்ததைத்தான் நீங்கள் செய்யவேண்டாம் என்கிறேன். வெட்கத்தில் உடல் சுட்டது. கணவர் படுக்கப் போனபிறகு, சமையலறையில் இருந்து நேர்சரிக்கு ஈமெயில் போட்டு, வங்கி விபரம் வாங்கி, அடுத்த நாள் மத்தியானத்துக்குள் முழுக் காசையும் கட்டினேன். கட்டினால் அழிந்துவிடும் என்று நினைத்தேன்.

அழியவில்லை. தீர்ப்பு விழுந்து ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டினால்தான் பதிவேட்டிலிருந்து பெயர் எடுபடும். அதற்குப் பிறகு கட்டினால் "கட்டித் தீர்த்தது" என்று ஒரு குறிப்பு ஏறும், அவ்வளவுதான். பதிவு தீர்ப்பின் திகதியிலிருந்து ஆறு வருஷம் கிடக்கும். என்னுடையது 2027 பெப்ரவரி வரை. கட்டித் தீர்த்ததைச் சில வங்கிகள் கொஞ்சம் நல்ல கண்ணால் பார்க்கின்றன என்பது உண்மை. எங்களுக்கும் கடைசியில் ஒரு வங்கி கடன் தந்தது, கூடுதல் வட்டிக்கு.

அதை விடக் கசப்பானது பிறகு வந்தது. நாலு மாதம் கழித்து வேறு ஏதோ தேடும்போது, 2020 ஓகஸ்டில் நான் நேர்சரிக்கு அனுப்பின ஈமெயில் கண்ணில் பட்டது. "வீடு மாறுகிறோம், புது விலாசம் இது, இனி ஏதும் என்றால் இங்கே எழுதுங்கள்." இரண்டே வரி. புது விலாசம் தெரிந்திருந்தும் பழையதற்குப் படிவம் அனுப்பினால், அது ஒழுங்கான சேர்ப்பித்தல் அல்ல. அதோடு, 2020 ஜூலையில் போட்டி, சந்தைகள் ஆணையம் நேர்சரிகளுக்கு ஒரு திறந்த கடிதமே எழுதியிருந்தது: கொடுக்க முடியாத சேவைக்குப் பெற்றோரிடம் காசு பிடிப்பது நியாயமற்ற நிபந்தனையாகலாம் என்று. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்டிருக்கலாம். இலவச ஆலோசனைக்குப் போனபோது அங்கிருந்த சட்டத்தரணிப் பிள்ளை என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "கட்ட முதல் வந்திருக்கலாமே ஆன்ரி" என்றது. எவ்வளவு கெதியாக வந்தாய் என்றுதான் நீதிபதி முதலில் பார்ப்பாராம். நான் கட்டியும் முடித்து, மாதக் கணக்கில் சும்மாவும் இருந்துவிட்டேன்.

ஆகவே, பிள்ளையளே, காசை எடுக்க முதல் திகதியை எடுங்கள்.

கிரெடிட் ரிப்போர்ட்டை எக்ஸ்பீரியன், ஈகுவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றிடமும் இலவசமாகக் கேட்கலாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: தீர்ப்புப் பதிவேட்டில் வழக்குப் போட்டவரின் பெயர் இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் பெயர், விலாசம், கோர்ட், இலக்கம், தொகை, திகதி, இவ்வளவுதான் தெரியும். படிக்கட்டில் என்னிடம் போனைக் காட்டினவர் குழம்பினது அதனால்தான். வழக்கு இலக்கத்தை வைத்துக்கொண்டு அந்தக் கோர்ட்டைக் கூப்பிட்டால் ஆர் போட்டது, எந்த விலாசத்துக்கு அனுப்பினது என்று சொல்லுவார்கள். விலாசத்தைக் கட்டாயம் கேளுங்கள். கேட்ட திகதியையும் எழுதி வையுங்கள்.

பிறகு உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்கவேண்டும், நேர்மையாக. அந்தக் காசு உண்மையில் கொடுக்கவேண்டியதா?

இல்லையென்றால், அல்லது கணக்குப் பிழையென்றால், N244 என்ற படிவத்தில் தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்கலாம். எங்கள் ஆட்கள் இதை "செட் அசைட்" என்றே சொல்லுவார்கள். கட்டணம் முந்நூறு பவுணைத் தாண்டும். வருமானம் குறைவென்றால் கட்டணத்தைக் குறைக்க அல்லது விலக்கத் தனி விண்ணப்பம் உண்டு. "கடிதம் கிடைக்கவில்லை" என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. வழக்கு நடந்திருந்தால் சொல்லுவதற்கு உங்களிடம் உண்மையான மறுப்பு இருக்கவேண்டும். நோட்டீஸ் கொடுத்த ஈமெயில். இலவச 15 மணித்தியாலத்துக்கும் காசு போட்டிருக்கும் பில். இரண்டு தரம் எண்ணப்பட்ட ஒரு கிழமை. ஒப்பந்தத்தில் நாலு கிழமை நோட்டீஸ் என்று எழுதிவிட்டு எட்டுக் கிழமைக்குப் பிடித்த கணக்கு. இவையெல்லாம் வழக்கில் நிற்கும். "அந்த மனேஜர் மரியாதையில்லாமல் கதைச்சவ" என்பது நிற்காது. எனக்கு நல்லாய்த் தெரியும், என் முதல் வரைவில் முக்கால்வாசி அதுதான் இருந்தது.

கொடுக்கவேண்டிய காசுதான் என்றால், முந்நூறு பவுணைப் படிவத்தில் கரைக்காதீர்கள். நேர்சரியோடு கதையுங்கள். ஒரேயடியாகக் கட்டமுடியாவிட்டால், N245 என்ற படிவத்தில் வருமானம் செலவு எழுதி, மாதம் இவ்வளவு என்று கோர்ட்டைக் கேட்கலாம். வங்கி மூலமே கட்டுங்கள், குறிப்பில் வழக்கு இலக்கத்தைப் போடுங்கள். முடிந்ததும் நேர்சரியிடம் ஒரு கடிதம் வாங்கி, கோர்ட்டில் சிறு கட்டணத்தோடு கட்டித் தீர்த்த சான்றிதழ் எடுங்கள். நேர்சரி தானாகவே கோர்ட்டுக்கு அறிவிக்கும் என்று இருந்துவிடாதீர்கள். மறந்துபோவார்கள்.

இனி, ஆறு வருஷக் கதை. பள்ளி வாசலில் அண்ணை ஒருவர் நிச்சயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "ஆறு வருஷம் போச்சுதெண்டால் கடன் செத்துப்போம்" என்று. அது பாதி உண்மை. அதனால் முழுப் பொய்யை விட ஆபத்து. ஆறு வருஷத்தில் போவது பதிவேட்டில் இருக்கும் வரி. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது தானாகப் போகும். தீர்ப்பு போகாது. வழக்கே போடாத பழைய கடனுக்கு ஆறு வருஷக் காலக்கெடு உண்டு. அந்த விதியைத் தீர்ப்பு விழுந்த கடனுக்கும் போட்டுக் குழப்புகிறோம். 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தடுப்பது, தீர்ப்பை வைத்து இன்னொரு புது வழக்குப் போடுவதை. இருக்கிற தீர்ப்பை நிறைவேற்றுவதை அது தடுக்காது என்று பிரபுக்கள் சபை 1998இல், லௌஸ்லி எதிர் ஃபோர்ப்ஸ் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ஆறு வருஷம் கடந்த தீர்ப்போடு கோர்ட்டின் வசூல் அதிகாரியான பெய்லிஃபை அனுப்புவதென்றால் கோர்ட்டிடம் அனுமதி கேட்கவேண்டும், ஏன் இவ்வளவு காலம் சும்மா இருந்தாய் என்ற கேள்விக்குப் பதிலும் வைத்திருக்கவேண்டும்.

பழைய தீர்ப்பைக் கடன் வசூல் கொம்பனி ஒன்று வாங்கி, தொகையை ஊதிப் பெருப்பித்துக் கடிதம் போடுவதும் நடக்கிறது. 1,386க்கு விழுந்த தீர்ப்பு 2,400 ஆக வந்தால், மிச்சம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 5,000 பவுணுக்குக் குறைந்த கவுன்டி கோர்ட் தீர்ப்புக்குப் பொதுவாகத் தீர்ப்புக்குப் பிந்தின வட்டி ஓடாது. வேறு கட்டணம் சேர்ந்திருக்கலாம், 600 பவுணுக்கு மேற்பட்டதை ஹைகோர்ட் அதிகாரிகளிடம் மாற்றியிருக்கலாம். அப்படியென்றால் அதற்குக் காகிதம் இருக்கும். காகிதத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பெய்லிஃப் என்றதும் எங்களுக்கு ஊர் ஞாபகம் வருகிறது. கதவைத் தட்டுகிற சத்தத்துக்கே கை நடுங்கும். இது அது இல்லை. வரமுதல் ஏழு முழு நாள் அறிவித்தல் தரவேண்டும். காலை ஆறுக்கும் இரவு ஒன்பதுக்கும் இடையில்தான் வரலாம். இப்படியான கடனுக்கு முதல் தடவை வந்து உங்கள் வீட்டுக் கதவை உடைக்கமுடியாது. நீங்கள் திறந்து விட்டால்தான் உள்ளே. கதவைப் பூட்டிக்கொண்டு ஜன்னலால் கதையுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பொலிஸ் விஷயம் அல்ல, குற்றப் பதிவும் அல்ல. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் உங்கள் குடிவரவு ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் ஒருநாளும் அலட்சியம் பண்ணாதீர்கள்: வருமான விபரம் சொல்லக் கோர்ட்டுக்கு வா என்று வரும் கட்டளை. கடனுக்காகச் சிறை இல்லை, ஆனால் கோர்ட் கூப்பிட்டுப் போகாமல் விட்டால் அது வேறு கணக்கு.

சிட்டிசன்ஸ் அட்வைஸ், நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச் எல்லாம் இலவசம். 2021 மே மாதத்திலிருந்து "பிரீதிங் ஸ்பேஸ்" என்று ஒரு முறையும் இருக்கிறது. ஆலோசகர் ஒருவர் மூலம் பதிந்தால் 60 நாளுக்குக் கடன் கொடுத்தவர்கள் கையை எடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் "சிசிஜே அழித்துத் தரப்படும், 800 பவுண்" என்று வருகிறதே, அவர்களும் அதே N244ஐத்தான் நிரப்புவார்கள்.

இவ்வளவும் எழுதியபிறகு, மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. எங்கள் தெருவிலேயே பிள்ளை பார்க்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், பதிவு செய்த சைல்ட்மைண்டர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பொதுவாக ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் அவர் வைத்திருக்க முடியாது. மூன்று குடும்பத்தில் ஒன்று இரண்டு மாதக் காசைக் கட்டாமல் பிள்ளையை நிறுத்திவிட்டுப் போனால், அவருடைய வருமானத்தில் மூன்றில் ஒன்று போய்விடும். அப்படிப் போனவர்களில் ஒருவர் எங்கள் ஆள். பிள்ளைக்குப் பொரிச்ச மீன் முள்ளெடுத்துத் தீத்தினவர் அவர். வழக்குப் போடவில்லை, "தமிழ் ஆக்கள், என்னெண்டு கோர்ட்டுக்கு இழுக்கிறது" என்று விட்டுவிட்டார். தீர்ப்பு இல்லாததால் அந்தக் கடனுக்கு எந்தப் பதிவேட்டிலும் வரி இல்லை. அந்த வீட்டார் இதை வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். வங்கிக் கணக்கும் மாறவில்லை.

வாற சனிக்கிழமையிலிருந்து, இரண்டாம் வகுப்புக்குப் பக்கத்து அறையில் பத்து மணிக்கு நான் மடிக்கணினியோடு இருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கலாம். கிரெடிட் ரிப்போர்ட், நேர்சரி ஒப்பந்தம், கடைசி ஆறு மாத பில், இவற்றைக் கொண்டுவாருங்கள். வரமுதல் ஈமெயிலில் நேர்சரியின் பெயரைப் போட்டு ஒருக்கால் தேடிப் பாருங்கள், குப்பைப் பெட்டியையும் சேர்த்து. ஒரு சதமும் கட்டாமல் வாருங்கள்.

அன்புடன்,
தேத்தண்ணி மேசை அக்கா